பால் வற்றக் கட்டிய பூ

கோட்டைக்குப்பத்துப் பூக்காரி ஜமுனா எல்லாருக்கும் முழம் போட்டுத்தான் பூ கொடுப்பாள். அமுதவல்லிக்கு மட்டும் உதிரியாகக் கொடுப்பாள். அமுதவல்லி அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வதில்லை, சாமி படத்துக்கும் போடுவதில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விடுவாள். அவள் அப்படிப் போனால், முந்தின நாள் அவள் வீட்டிலிருந்து நாய்க்குட்டிகள் போயிருக்கின்றன என்று தெருவே தெரிந்துகொள்ளும்.

"குட்டிங்க போயிடுச்சாக்கா?" என்று ஜமுனா கேட்பாள்.

"போயிடுச்சி. நெறைய போடு, போன தபா பத்தல."

பிள்ளை தங்காமல் போன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால், மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பூ பாலை வற்றவைத்துவிடும். இது அமுதவல்லி காதால் கேட்ட சேதி அல்ல, உடம்பால் பட்ட சேதி. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பூ வைத்துக் கட்டினார்கள். பால் வற்றியது. அதற்கப்புறம் அவள் வயிற்றில் எதுவும் தரிக்கவில்லை.

வேறு பெண் பார்க்கட்டுமா என்று மாமியார் தன் மகன் கோதண்டத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். கரையில் படகு ஓரமாக நிறுத்தி வைத்துக் கேட்டதால், புருஷன் என்ன பதில் சொன்னான் என்பது அமுதவல்லி காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்தவன் கைகால் கழுவிவிட்டுச் சோறு போடச் சொன்னான். மாமியார் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அமுதவல்லியும் கேட்கவில்லை. கேட்டு, பதில் வேறு மாதிரி இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

ஊரில் யாரும் அவளை முகத்துக்கு நேரே மலடி என்று சொல்லிவிடவில்லை. நல்ல மனுஷர்கள். வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பிங்கி வந்தது.

கொண்டுவந்தவன் ஆல்வின். சென்னையில் சின்ன ஜாதி நாய்களை விற்கிறவன். பொமரேனியனில் ஆகப் பொடிசாக, வெள்ளை வெளேரென்று, கறுப்பு மிளகு மாதிரி இரண்டு கண்களோடு கூடைக்குள் உட்கார்ந்திருந்தது நாய். நகரத்தில் நாலைந்து நாயை ஒரே இடத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் புகார் கொடுக்கிறான், லைசென்ஸ் எங்கே என்று ஆள் வருகிறது. அதனால் ஏரிக்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒன்றாக விட்டு வளர்த்துக்கொண்டிருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். எந்த ஊரில் எந்தப் பாஷை செல்லும் என்று தெரிந்தவன்.

"நீங்க மீன் புடிச்சா எப்டிக்கா பிரிப்பீங்க? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. இதுவும் அதான். பொட்ட நாய் என்னுது, அதான் படகு. ஆம்பள நாய் என்னுது, அத வலைன்னு வெச்சிக்க. நீ கூட இருந்து பாத்துக்கிற, உனக்கு ஆள் பங்கு."

கேட்பதற்குக் கணக்கு சுத்தமாக இருந்தது. அந்தக் கரையில் பிறந்த யாரும் அப்படி ஒரு கணக்கை மறுத்துப் பேச மாட்டார்கள். படகுக்கு வலிக்காது, நாய்க்கு வலிக்கும் என்பது மட்டும்தான் அதில் விட்டுப்போயிருந்தது. அது அமுதவல்லிக்குத் தோன்றுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. கேட்ட அன்றைக்கு அவள் கூடைக்குள் கையைவிட்டாள். நாய் அவள் சுண்டுவிரலை நக்கியது. அத்தோடு பேரம் முடிந்தது.

பிங்கியின் தலையீத்தில் மூன்று குட்டிகள். அமுதவல்லி தன் பழைய புடவையை நாலாக மடித்து, வலை மூட்டைக்குப் பக்கத்தில் விரித்து, பிரசவம் பார்த்தாள். அவளை எந்தப் பிரசவத்துக்கும் கூப்பிடாத தெரு அன்றைக்கு அவள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. "எம் பொண்ணு பெத்துட்டா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். நாய்க்குட்டி பிறந்ததற்குச் சர்க்கரையா என்று சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களும் சர்க்கரையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

அந்த மூன்றில் ஒரு பெட்டைக்குட்டிக்கு மட்டும் இடது காதில் தேத்தண்ணி சிந்தின மாதிரி ஒரு பழுப்புக் கறை. அதற்கு டீத்தூளு என்று பேர் வைத்தாள். மற்ற இரண்டும் பிங்கியின் வயிற்றைப் பிடித்துத் தொங்கும்போது டீத்தூளு மட்டும் அமுதவல்லியின் புடவைக்குள் புகுந்து தூங்கும்.

"நெறைய பால் உடாதக்கா" என்று ஆல்வின் போனில் சொல்லுவான். "பெருத்துட்டா எவனும் சீண்ட மாட்டான். கைக்குள்ள அடங்கணும், அதான் ரேட்டு." குட்டிகளுக்குப் பல் ஒழுங்காக முளைப்பதற்கு முன்பே வந்து எடுத்துப்போவான். தாயிடம் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் குட்டிக்கு நல்லது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வாங்க வருகிறவர்களுக்குப் பொம்மை வேண்டும். பொம்மை பால் குடிக்குமா?

டீத்தூளை எடுத்துப்போகும்போது, "இது நல்ல சைஸ், இத நானே வெச்சிக்கப் போறேன்" என்றான். தன் குட்டி விலைபோகாமல் ஒரு வீட்டில் வளரப்போகிறது என்று அமுதவல்லிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என்னத்துக்காக வைத்துக்கொள்கிறான் என்று அவள் யோசிக்கவில்லை.

குட்டிகள் போன அன்று பிங்கி வலை மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்தது. மறுநாள் மடி கட்டிக்கொண்டு, கீழே படுக்க முடியாமல் நின்றபடியே முனகியது. அமுதவல்லி அதை மடியில் மல்லாத்திப் போட்டுப் பூவை வைத்து, புடவையைக் கிழித்துக் கட்டினாள். "அவ்ளோதாண்டி கண்ணு, வத்திடும். எனக்கும் வத்திச்சி" என்றாள். வற்றியது. அதைவிட ஒரு நாய்க்கு அன்பாக யாரும் செய்துவிட முடியாது என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஈத்துக்கும் அப்படியே செய்தாள். பிங்கி பருவத்துக்கு வரும். ஆல்வின் ஆண் நாயோடு வந்து நிற்பான். குட்டிகள் பிறக்கும், போகும், பூ வரும்.

இப்படியே போய், பிங்கியின் ரோமம் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. வயிறு தொங்கிப்போய்த் தரையை உரசியது. பல் ஆடியது. படி ஏற முடியாமல் நின்று அவளைப் பார்க்கும். ஒருநாள் கோதண்டம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன், ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதைத் தூக்கி உள்ளே விட்டான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வீட்டில் பேசுகிற வேலையை அமுதவல்லியிடமே விட்டுவிட்டவன்.

"கடல்ல மீனுக்கே தடைக்காலம் கீது" என்றான். "குஞ்சு பொரிக்கிற சமயம்னு படக எல்லாம் நிறுத்தி வெக்கிறான். இதுக்கு இன்னாமே தடைக்காலம்?"

அன்றைக்குத்தான் கணக்கில் விட்டுப்போனது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த தடவை ஆல்வின் வந்தபோது வாசலிலேயே மறித்தாள். "இந்த தபா வோணாம் தம்பி. அதுக்கு முடியல. கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்."

ஆல்வின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். அவன் சிரித்தான். "சும்மா கிடக்கிறதுக்கு நான் எதுக்குக்கா நாய் வெச்சிகினு இருக்கணும்? உனக்கு முடியலன்னா சொல்லு, நான் எட்த்துக்கறேன். பசியாவரத்துல ஒரு வூட்ல கேட்டுகினே கீறாங்க."

பசியாவரம் தண்ணிக்கு அந்தப் பக்கம். பிங்கியை இன்னொருத்தி தூக்குவாள், அங்கேயும் ஆண் நாய் வரும், அங்கே தலையைத் தடவிக்கொடுக்கக்கூட ஆள் இருக்காது என்று என்னென்னவோ நினைத்தாள். அவள் முகம் போன போக்கை ஆல்வின் பார்த்துவிட்டான். வியாபாரி அல்லவா.

"ஒண்ணு செய்யலாம்க்கா. இன்னும் ஒரே ஒரு ஈத்து. அப்புறம் பிங்கி உன்னுது. நான் வந்து கேக்கவே மாட்டேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அமுதவல்லி யோசித்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் சாகும்வரை தன் மடியில் கிடக்கும். இந்தப் பேரத்தில் யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், யார் உடம்பை வைத்து என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள். ஆண் நாயை வண்டியிலிருந்து இறக்கினபோது பிங்கி ஓடி அவள் கால்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. அவள்தான் குனிந்து அதை எடுத்து வெளியே விட்டாள். அவள்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள். கோதண்டம் அங்கே நிற்காமல் கரைக்குப் போய்விட்டான்.

பிறந்தது இரண்டு. மூன்றாவது செத்துப் பிறந்தது. பிங்கியின் மடியில் பால் இல்லை. குட்டிகள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தின. பிங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இந்தக் கரையில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டால் சின்னப் பெண்கூடச் சொல்லும்: பால்சுறா. கோதண்டம் ஏலத்துக்குப் போகவிருந்த மீனிலிருந்து ஒரு சின்னச் சுறாவை எடுத்துவந்து கொடுத்தான். அமுதவல்லி அதை வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயம் பொடியாக அரிந்து போட்டு, பூண்டை உரித்து உரித்துக் கொட்டிப் புட்டு செய்தாள். தனக்குப் பிள்ளை பிறந்தபோது அவள் அம்மா செய்து கொடுத்தது அதே கைப்பக்குவம்தான். அதைப் பாதிகூடத் தின்னுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

"தின்னுடி என் ராசாத்தி. பூண்டு நெறைய போட்டிருக்கேன், பால் ஊறும்."

பிங்கிக்கு முதலில் வாசனை பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் விரலில் எடுத்து ஊட்டினதும் வாங்கிக்கொண்டது. அவள் கொடுத்து அது எதையும் வேண்டாம் என்றதில்லை. தினமும் ஊட்டினாள். பால் சுரந்தது. குட்டிகள் மொழுமொழுவென்று ஆகிவிட்டன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளுக்கு அந்தப் புட்டுப் பேச்சுதான். பிங்கியின் ஈறு வெளுத்துப்போவதை அவள் பார்த்தாள். பெற்ற உடம்பு, ரத்தம் போயிருக்கிறது, இன்னும் இரண்டு பல் பூண்டு கூடப் போடலாம் என்று நினைத்தாள்.

ஆல்வின் இந்தத் தடவை இன்னும் சீக்கிரமே வந்துவிட்டான். பெருத்துவிட்டதே என்று முணுமுணுத்தபடி குட்டிகளை எடுத்துக் கூடையில் போட்டான். கிளம்பும்போது வாசலில் நின்று, "வாக்கு வாக்குதான்க்கா. இனிமே பிங்கி உன்னுது" என்றான்.

அமுதவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே ஓடி, பிங்கியைத் தூக்கி, "கேட்டியாடி? இனிமே நீ என்னுது" என்று முத்தம் கொடுத்தாள். பிங்கி அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

ஜமுனாவிடம் போய்ப் பூ வாங்கிவந்து கட்டினாள். வழக்கமான கட்டு, வழக்கமான பேச்சு. இந்தத் தடவை பால் வற்றவில்லை. எப்படி வற்றும்? புட்டு ஊட்டி ஊட்டிச் சுரக்கவைத்த பால். மறுநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது மடி கல்லாக இறுகி, சிவந்து கொதித்தது. பிங்கி அவள் கையைக் கடிக்க வந்தது. அதுவரை அது யாரையும் கடித்ததில்லை. அவள் பழைய பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைத்துக் கட்டினாள்.

"டாக்டராண்ட தூக்கிகினு போலாம்மே" என்றான் கோதண்டம்.

"பால் காய்ச்சல்யா. பூ இழுத்துடும். எனக்கு இழுக்கல?"

இரண்டு நாள் காத்திருந்தாள். பூ மாற்றினாள், துணி மாற்றினாள், வேண்டிக்கொண்டாள். தனக்குப் பலித்தது தன் பெண்ணுக்குப் பலிக்காமல் போகுமா என்று நம்பினாள். பிங்கி தண்ணீரைக்கூட மோந்து பார்க்காமல் தலையைத் தரையில் போட்டபோதுதான் அவள் எழுந்தாள். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினாள்.

அங்கே கிளினிக் வைத்திருந்தவர் கிறிஸ்டினா என்கிற சின்ன வயசு டாக்டரம்மா. கட்டை அவிழ்த்தார். வாடின மல்லிகை மேசையெல்லாம் உதிர்ந்தது. மடியைத் தொட்டுப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்.

"என்னம்மா சாப்பிடக் கொடுத்தீங்க?"

அமுதவல்லி பெருமையாகவே சொன்னாள். சுறா, வெங்காயம், பூண்டு, எல்லாம்.

டாக்டர் உதிர்ந்த பூவை ஓரமாக ஒதுக்கினார். "பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாதும்மா. ரத்தத்தக் கெடுத்துடும். மடியில சீழ் வச்சு அதுவும் ரத்தத்துல கலந்துடுச்சு. உடம்புல தெம்பு இருந்தா தாங்கியிருக்கும்." அப்புறம் கேட்டார். "இது எத்தனாவது ஈத்து?"

"ரெண்டாவது" என்றாள் அமுதவல்லி.

டாக்டர் பிங்கியின் தொங்கிப்போன வயிற்றைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல் ஊசி போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில், ஏரித் தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில், பிங்கி அவள் மடியிலேயே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள், நாய்க்காக அழுகிறாளே என்பார்கள். இறங்கி வீட்டுக்கு வந்துதான் அழுதாள். கோதண்டம் வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டினான். அவளுக்கே அவளுக்கென்று ஆன நாய் ஒரு வாரம்கூட அவளுடன் இருக்கவில்லை.

வலது கையை அவள் அடிக்கடி மோந்து பார்த்துக்கொண்டாள். பூண்டு வாசனை போகவில்லை என்று தோன்றியது. அந்தக் கையால்தான் ஊட்டினாள். அந்தக் கையால்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சேதி கேள்விப்பட்டு ஆல்வின் வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, கூடையோடு வந்தான். "மனசு உட்டுடாதக்கா" என்று மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு வெள்ளை நாய். இடது காதில் தேத்தண்ணி சிந்தின மாதிரி பழுப்புக் கறை.

"பிங்கியோட தலையீத்துக் குட்டி. ஞாபகம் கீதா? வயித்துல குட்டி கீது, இன்னும் கொஞ்ச நாள்ல போட்டுடும். உங் கை ராசியான கைக்கா."

டீத்தூளு அவளைப் பார்த்தது. அமுதவல்லி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எடுத்தால் அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து வரும். "எனக்கு வோணாம். இனிமே எந்த நாயும் இந்த வூட்டுக்கு வோணாம். எட்த்துகினு போ."

"உன் இஷ்டம். அடுத்த தெருவுல மஞ்சு கேட்டுகினு கீது" என்று அவன் கூடையை மூடினான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவத்திலிருந்து தப்பித்தோம் என்றுகூட நினைத்தாள். மஞ்சுவின் வீடு இருக்கிற தெரு வழியாகப் போவதை விட்டாள். குழாயடிக்குச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்திலிருந்து குட்டிகளின் கீச்சுச் சத்தம் காற்றில் வந்தபோது, டிவியைச் சத்தமாக வைத்தாள்.

ஒருநாள் காலை மஞ்சு வந்து நின்றாள். அமுதவல்லியைவிட மிகவும் சின்னவள், கல்யாணமாகி வந்து வெகுநாள் ஆகவில்லை. முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

"அக்கா, நேத்து ஆல்வின் அண்ணன் குட்டிங்கள எட்த்துகினு போயிடுச்சி. நாய் ஒரே கத்தலு. ஜமுனாக்கா உதிரிப்பூ குட்த்து, உன்ன கேக்கச் சொல்லிச்சி." முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். மல்லிகை. "இத எப்டிக்கா கட்றது? எவ்ளோ நேரம் கட்டி வெக்கணும்?"

அமுதவல்லி அந்தப் பூவையே பார்த்தாள். அவள் அன்பாகச் செய்தது ஊருக்கு ஒரு முறையாகிவிட்டது. இனி இந்தக் கரையில் எத்தனை நாய் வந்தாலும், குட்டியைப் பிடுங்குவார்கள், பூவைக் கட்டுவார்கள், மனசு ஆறி வேறு வேலை பார்க்கப் போவார்கள். சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"வெக்காத" என்றாள். "தூக்கி எறிடி அத."

மஞ்சுவை முந்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், அத்தனை நாள் போகாமலிருந்த தெருவுக்குப் போனாள். டீத்தூளு ஒரு சாக்கின்மேல் நின்றுகொண்டிருந்தது. பிங்கி நின்ற மாதிரியே, படுக்க முடியாமல். அமுதவல்லி கீழே உட்கார்ந்ததும் மெல்ல வந்து அவள் புடவையை மோந்தது. மோந்துகொண்டே இருந்தது. அப்புறம் குட்டியாக இருந்தபோது செய்த மாதிரி, முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, ஆல்வின் அண்ணன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" மஞ்சு பயந்துபோனாள்.

"என்னாண்ட அனுப்பு."

பொன்னேரியில் டாக்டரம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டார். இந்த நாய் யாருடையது என்று கேட்டார். "எம் பொண்ணோட பொண்ணு" என்றாள் அமுதவல்லி. எத்தனாவது ஈத்து என்று அவர் கேட்பதற்கு முன்பே, "எத்தனாவதுனு எனக்குத் தெரியாது. அதோட அம்மா ஆறு ஈத்து போட்டா. அன்னிக்கு உன்னாண்ட பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். டாக்டர் அவளை அழவிட்டு, நாய்க்கு மருந்து எழுதினார். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்.

அவள் எழுந்து போகவில்லை. "இனிமே இது குட்டி போடாத மாரி ஆபரேஷன் கீதாமே?"

"காய்ச்சல் போய்ப் பால் வத்தினதும் கூட்டிட்டு வாங்க. செய்யலாம். நல்லா யோசிச்சிட்டீங்களா?"

யோசித்திருந்தாள். வரும்போது வழியெல்லாம் அதைத்தான் யோசித்தாள். குட்டி போடுகிற வரைக்கும் ஆல்வின் இதை விடமாட்டான். குட்டி போடாது என்றால் எடுத்துப்போக மாட்டான். அதைக் காப்பாற்ற அந்த ஒரு வழிதான் இருந்தது. மலடி என்று பேர் வாங்கினவள் தன் கையாலேயே இன்னொரு உயிரை மலடாக்க வேண்டும். அந்த வார்த்தை எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாய்க்கு அந்த வார்த்தை தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தையல் ஆறி, வயிற்றில் ரோமம் முளைக்கத் தொடங்கினபோது ஆல்வின் ஆண் நாயோடு வந்தான். மஞ்சு வீட்டுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தான். கோதண்டம் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தான். டீத்தூளு அமுதவல்லியின் காலடியில் படுத்திருந்தது. ஆண் நாயைப் பார்த்ததும் எழுந்து அவள் பின்னால் போயிற்று.

"இன்னாக்கா இது? எவன் நாய எவன் தூக்கியாற்து?"

அமுதவல்லி குனிந்து டீத்தூளைத் தூக்கி, வயிற்றுத் தழும்பை அவனுக்குக் காட்டினாள். "பாத்துக்க. இனிமே போடாது. உனக்கு வோணும்னா எட்த்துகினு போ."

சொல்லிவிட்டாளே தவிர, நாயை மார்போடு இறுக்கிக்கொண்டாள். எடுத்துக்கொண்டே போய்விட்டால்? ஆல்வின் தழும்பையே பார்த்தான். கத்தினான். போலீஸ் என்றான், பஞ்சாயத்து என்றான், உன்னை நம்பினேனே என்றான். கத்தி ஓய்ந்தபோது அவனுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. கொஞ்சம் இறங்கின குரலில் கேட்டான்.

"குட்டி போடாதத வெச்சிகினு இன்னாக்கா பண்ணப் போற?"

இந்தக் கேள்வியை இவன் நாயைப் பற்றித்தான் கேட்கிறான் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தும், ஊரே திரண்டு வந்து வாசலில் நின்று தன்னைக் கேட்கிற மாதிரி இருந்தது.

கோதண்டம் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"கூட இருக்கும். அது போதும்."

அவ்வளவுதான் சொன்னான். அம்மாவுக்குப் பதில் சொல்லுகிற மகனின் குரலில், ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பழகினவன் போலச் சொன்னான். ஆல்வின் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான், ஆண் நாயை வண்டியில் ஏற்றினான், போய்விட்டான். கரை நெடுக அவனுக்கு வேறு வீடுகள் இருந்தன.

அமுதவல்லி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குக் கரையில் படகு ஓரமாக அவன் என்ன சொன்னான் என்று அவள் இனிமேல் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம், தெரியாமலே, இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். பிங்கிக்கும் அதைச் சொல்ல யாராவது ஒருத்தர் இருந்திருக்கலாம். ஆண் நாயை வண்டியிலிருந்து இறக்கின அன்று, தன் கால்களுக்கு நடுவே வந்து ஒளிந்துகொண்டபோது அவளே சொல்லியிருக்கலாம். அவளோ குனிந்து எடுத்து வெளியே விட்டாள்.

டீத்தூளு உள்ளே வந்தது. அவளைத் தாண்டிப் போய், வலை மூட்டைக்கு அடியில் மூக்கை விட்டுத் தேட ஆரம்பித்தது. போன குட்டிகளை அது தினமும் இந்த நேரத்துக்குத் தேடும். அமுதவல்லி அதைக் கூப்பிடவில்லை. நகர்ந்துபோய் மூட்டையின் மறு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், அது நன்றாகத் தேடிப் பார்க்கட்டும் என்று.